காதுக்குப் பின்னால் இருந்த ஒட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒன்றுக்குப் போக முடியாமல் கடலில் நான் பட்ட பாட்டைப் பற்றியது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் இப்போது பாதி இடங்களில் சிரிப்பு வருகிறது. ஆனால் பக்கத்துத் துறைமுகமே 95 கடல் மைல் தள்ளி இருக்க, நடு இரவில், படகில் தனியாக, அடிவயிறு கல்லாக இறுகிக் கிடந்தபோது வரவில்லை. வயதான பிறகு நீண்ட கடற்பயணம் போகிறவர்களுக்கு என்னென்ன வரலாம் என்று நிறையவே படித்திருந்தேன். மாரடைப்பு, எலும்பு முறிவு, பாய்மரக் கட்டை தலையில் அடிப்பது, எல்லாம் தெரியும். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். நானே மூன்று வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்தவன்தானே.

அப்போது எனக்கு 63 வயது. ஓய்வு பெற்றதும் நானும் மனைவியும் 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மகளின் பிரசவத்துக்காக அவள் கிளம்பிப் போய்விட்டாள். புயல் பருவம் தொடங்குவதற்குள் படகை அடுத்த தீவுக்கூட்டத்துக்குக் கொண்டுபோயாக வேண்டும். 480 கடல் மைல், மணிக்கு ஐந்து மைல் என்று வைத்தால் நான்கு நாள். "நான் வந்தப்புறம் சேர்ந்தே போகலாங்க" என்றாள். "இதெல்லாம் ஒரு தூரமா?" என்று கேட்டுவிட்டு, வழக்கமாகச் சொல்லும் பெயர்களை எடுத்துவிட்டேன். கெனிச்சி ஹோரியே 2022இல் 83 வயதில் பசிபிக்கைத் தனியாகக் கடந்தார். ஜீன் சாக்ரடீஸ் 77 வயதில் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி முடித்தார். வான் டென் ஹீட் 73 வயதில், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தையே ஜெயித்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் யாராவது என் உடம்பைப் பற்றிக் கேட்டால் அந்தப் பேச்சை முடிப்பதற்குத்தான் இந்தப் பெயர்கள் எனக்குப் பயன்பட்டன.

உடம்பில் என்ன இருந்தது என்றால், இரவில் மூன்று முறை, சில நாள் நான்கு முறை எழுந்திருப்பேன். போனால் உடனே வராது. வந்தாலும் நூல் மாதிரி. முடிந்தது என்று திரும்பினால் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும். படகில் இதை மறைப்பது சுலபம். "நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்" என்று மேலே போய்விடலாம். என்னைப் போலப் பொறுப்பான கேப்டன் கிடையாது என்றுதான் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை வேறு எதற்கோ மருத்துவரிடம் போனபோது, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வந்து பாருங்கள் என்றார். ஆறு மாதம் கழித்து நான் வேறு நாட்டில் இருந்தேன். கடலில் சுற்றுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. எந்த மருத்துவரிடமும் இரண்டாவது முறை போகவே வேண்டியதில்லை.

கிளம்பிய அன்று காலை எட்டு மணிக்குக் காதுக்குப் பின்னால் ஸ்கோபோலமைன் ஒட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டேன். கடல்நோய்க்கு, அதாவது படகு ஆட்டத்தில் வரும் குமட்டலுக்கு, அதைத்தான் இருபது வருஷமாகப் போட்டுவருகிறேன். சின்னப் பொத்தான் அளவுதான் இருக்கும், மூன்று நாளைக்குத் தாங்கும். ஜலதோஷம் வேறு பிடித்திருந்ததால் மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரை, மாலையில் இன்னொன்று. முதல் நாள் நன்றாகவே போனது. வாய் வறண்டது, அது அந்த ஒட்டுக்கு வழக்கம்தான். சிறுநீர் வழக்கத்தைவிடக் குறைவாக வந்தது. தண்ணீர் குடித்தது போதவில்லை என்று நினைத்து நிறையக் குடித்தேன். எவ்வளவு பெரிய தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு முட்டிக்கொண்டு வந்தது, போனால் ஒரு சொட்டுகூட இல்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி. அப்புறம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை. கழிப்பறையில் உட்கார்ந்து பார்த்தேன், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தம் கேட்டேன், வெந்நீரில் துணியை நனைத்து அடிவயிற்றில் வைத்துக்கொண்டேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. கழிப்பறைக் கதவில் காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். கரையில் நின்றுகொண்டு போனால் எப்போதும் சுலபமாக வரும் என்பதால், மேலே ஏறி, பின்பக்கக் கம்பிக் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றேன். படகோடு நம்மைப் பிணைத்து வைக்கும் பட்டையான ஹார்னஸ் மாட்டவில்லை. இடுப்பில் கட்டினால் வயிறு அழுந்தி வலிக்கிறது என்று கழற்றி வைத்திருந்தேன். இருட்டு, மணிக்கு 18 கடல் மைல் காற்று, ஆட்டோபைலட் என்னை விட்டுவிட்டு ஐந்து மைல் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். பிரான்சின் எரிக் தபார்லி போன்ற புகழ்பெற்ற மாலுமியே 1998இல், 66 வயதில், ஓர் இரவு பாய் மாற்றும்போது கட்டை தள்ளிக் கடலில் விழுந்து இறந்தார். அவரிடமும் ஹார்னஸ் இல்லை. நான் தப்பியது திறமையால் அல்ல, வலி தாங்காமல் உடனே உட்கார்ந்துவிட்டதால்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இரவில் அடிக்கடி எழுந்திருக்கிற வயது வந்துவிட்டால் நின்றுகொண்டு போகும் பழக்கத்தைப் படகில் அன்றோடு விட்டுவிடுங்கள். படகை ஓட்ட உட்காரும் இடமான காக்பிட்டின் தரையில் ஒரு வாளி, உட்கார்ந்தோ மண்டியிட்டோ, ஹார்னஸ் கொக்கி மாட்டிய நிலையில். அசிங்கமாகத்தான் இருக்கும். யார் பார்க்கப்போகிறார்கள்? மனைவியிடம் நங்கூரக் கதையெல்லாம் வேண்டாம், வாளிக் கதையையே சொல்லிவிடலாம்.

மூன்று மணிக்கு வலி அலையலையாக வர ஆரம்பித்தது. வேர்த்தது, நடுங்கியது, இரண்டு முறை வாந்தி. தொப்புளுக்குக் கீழே கைவைத்தால் தேங்காய் மாதிரி உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டது. சாட்டிலைட் போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் ஐந்தரை வரை கூப்பிடவில்லை. என்னவென்று சொல்வது? மாரடைப்பு என்றால் சொல்லலாம், கால் முறிந்தால் சொல்லலாம். யாரோ ஒரு மருத்துவரை அதிகாலையில் எழுப்பி "ஒன்றுக்கு வரவில்லை" என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த இரண்டரை மணி நேரத்தில் படகு நான் திரும்பிப் போக வேண்டிய பக்கத்துத் துறைமுகத்துக்கு எதிர்த்திசையிலேயே ஓடிக்கொண்டிருந்தது, 12 மைல். அதைத் திரும்பக் கடக்க மறுபடி இரண்டரை மணி நேரம். வெட்கத்துக்கு நான் கொடுத்த விலையை இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட முடிவது இந்த ஒரு இடத்தில்தான்.

கடைசியில் கப்பல்களுக்கு மருத்துவ ஆலோசனை தரும் தொலைமருத்துவச் சேவை ஒன்றைக் கூப்பிட்டேன். எண்களே தெரியவில்லை, மங்கலாகக் கலங்கித் தெரிந்தன. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அதுவும் அந்த ஒட்டின் வேலை, கிட்டத்தில் இருப்பதை மங்கலாகத் தெரியச் செய்யும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மருத்துவர் பெண். நிதானமாகக் கேட்டார். என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள்? ரத்த அழுத்த மாத்திரை ஒன்று, அவ்வளவுதான் என்றேன். சளிக்கு? ஆமாம், மூக்கடைப்பு மாத்திரை. கடல்நோய்க்கு ஏதாவது? "மாத்திரை எதுவும் போடுவதில்லை, ஒட்டு மட்டும்தான்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதை இப்போதே பிய்த்துவிடுங்கள்" என்றார்.

இருபது வருஷமாகப் போடுகிறேன், ஒரு நாளும் அது எனக்கு மருந்தாகத் தோன்றியதே இல்லை. கயிறு, விளக்கு, ஹார்னஸ் போல அதுவும் கிளம்புவதற்கு முன் எடுத்துவைக்க வேண்டிய சாமான். பிய்த்தபோது பசையோடு நாலு நரைமுடியும் சேர்ந்து வந்தது. காதின் பின்புறத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். அந்த விரலோடு கண்ணைத் தொட்டால் கண்பாப்பா விரிந்து பார்வை இன்னும் கெடும். பிய்த்து எறிந்தாலும் தோலில் ஊறிய மருந்து உடனே போகாது, ஒரு நாள் வரை வேலை செய்யும், அதனால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள், பக்கத்துத் துறைமுகத்துக்குத் திருப்புங்கள், வாயை நனைக்கிற அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்காதீர்கள் என்றார்.

நடந்தது இதுதான். சிறுநீர்ப்பை சுருங்கினால்தான் சிறுநீர் வெளியேறும். ஸ்கோபோலமைன் அந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிடும். மூக்கடைப்பு மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் நேர்மாறாக, பையின் வாயை இறுக்கும். ஏற்கெனவே பெருத்த புராஸ்டேட் குழாயை நெரித்துக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தன. கடல்நோய்க்கான மாத்திரைகள் பலவும், உதாரணமாகப் புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் ஆகியவையும், இதே வேலையைச் செய்யக்கூடியவை. ஒட்டின் தாளைப் பிரித்துப் படித்திருந்தால் புராஸ்டேட், கண் அழுத்த நோய், வயதானவர்களுக்கு வரும் மனக்குழப்பம் என்று எல்லாம் போட்டிருந்தது. 43 வயதில் படித்தேன். எழுத்து அப்படியேதான் இருக்கிறது, படித்த ஆள்தான் மாறிவிட்டேன். இதில் பெரிய வேடிக்கை, வயது ஏற ஏறக் கடல்நோய் பொதுவாகத் தானாகவே குறையும். எனக்கு அந்த ஒட்டே தேவைப்பட்டிருக்காது. இப்போது போடாமல்தான் போகிறேன், முதல் நாள் லேசாகத் தலைசுற்றும், அவ்வளவுதான்.

படகைத் திருப்பியதும் காற்று பின்னால் வந்தது, ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. முன்பாயை காக்பிட்டிலிருந்தே சுருட்டிக்கொள்ளலாம் என்பதால் பிழைத்தேன். பெரிய பாயைச் சுருக்குவதற்கு மட்டும் பாய்மரத்தின் அடிக்குப் போக வேண்டியிருந்தது. குனிந்தால் உயிர் போகிறது. மண்டியிட்டுத் தவழ்ந்து போய் வந்தேன், முன்பு ஐந்து நிமிஷத்தில் முடியும் வேலைக்கு நாற்பது நிமிஷம். எல்லாக் கயிறுகளையும் காக்பிட்டுக்குக் கொண்டுவருவது சோம்பேறிகளின் வசதி என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவன் நான். சிறுநீரை வெளியே எடுக்கும் குழாயான கதீட்டர் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும், படகில் இல்லை. வேறு ஏதாவது மெல்லிய குழாயைச் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டேன். தனியாக உலகைச் சுற்றும் வெந்தே குளோப் பந்தயத்தில் பெர்த்ராந் த புரோக் கரையிலிருந்த மருத்துவரின் குறிப்பைப் பார்த்துத் தன் நாக்கைத் தானே தைத்துக்கொண்ட கதை மனதில் ஓடியது. மருத்துவர் குரலை உயர்த்தியது அப்போது ஒருமுறைதான்: "கண்டிப்பாகக் கூடாது." உள்ளே கிழித்துவிட்டால் அப்புறம் கதீட்டரும் ஏறாது என்றார்.

95 மைல், இயந்திரத்தையும் சேர்த்து ஓட்டி பதினேழு மணி நேரம். துறைமுகத்துக்கு 20 மைல் இருக்கும்போது விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் பான்-பான் என்று அவசர அழைப்பு கொடுத்தேன். இதற்கும் தயக்கம்தான். உயிராபத்துக்கு மேடே, அவசர உதவிக்கு பான்-பான். கட்டுகிற கயிற்றை எறியக்கூட நிமிர்ந்து நிற்க முடியாத ஆள் தனியாகத் துறைக்குள் நுழைவது பான்-பான் கொடுக்க வேண்டிய விஷயம்தான். ஒரு படகு எதிரே வந்து இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். மருத்துவமனையில் குழாய் போட்டபோது 1,300 மில்லி வந்தது. சாதாரணமாக 400, 500 ஆனாலே நமக்குத் தாங்காது. வலி நின்ற அந்த நிமிஷம் சத்தம் போட்டு அழுதேன், நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு. அன்றிரவு விடவில்லை. இவ்வளவு தேங்கிய பிறகு சிறுநீரகம் ஆறாக ஊற்றித் தள்ளும், உப்பும் நீரும் குறைந்துவிடும் என்று கண்காணித்தார்கள்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துக் குழாயை எடுத்துப் பார்த்தார்கள், வரவில்லை, மறுபடி போட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைக்க நான்கு வாரம். அறை எடுத்துத் தங்கக் கட்டுப்படியாகாது என்று படகிலேயே இருந்தேன். குழாயில் வரும் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், என் படுக்கையோ தரையிலிருந்து ஒரு முழ உயரம். பையைத் தரையில் வைத்தால் இரவு யாரோ பக்கத்தில் படகைக் கட்டும்போது ஆடி உருண்டு ஓடும். ஏணியில் ஏறும்போது குழாய் ஒருமுறை மேஜை முனையில் மாட்டிக்கொண்டது, அதை விவரிக்கப்போவதில்லை. புராஸ்டேட்டைத் தளர்த்த டாம்சுலோசின் கொடுத்திருந்தார்கள். முதல் வாரம் படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டும். நல்ல வேளை, படகு துறையில் கட்டியிருந்தது. புது மாத்திரை எதுவானாலும் இரண்டு வாரம் கரையில் இருந்து பழகிவிட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும் என்பதை அந்த ஏணிதான் கற்றுக்கொடுத்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரம் தண்ணீர் நிரப்பிய கேத்தலைவிடக் கனமானது எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். படகில் கேத்தலைவிடக் கனமில்லாதது கேத்தல் ஒன்றுதான்.

பணக் கதை இன்னும் கசப்பு. பயண மருத்துவக் காப்பீடு வைத்திருந்தேன். மூன்று ஆண்டுக்கு முன் அந்த மருத்துவர் எழுதிய ஒரு வரி, "புராஸ்டேட் சற்றுப் பெரிது", அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. விண்ணப்பத்தில் நான் அதைக் குறிப்பிடவில்லை. ஏற்கெனவே இருந்த நோயை மறைத்ததாகச் சொல்லி முழுவதையும் மறுத்துவிட்டார்கள். கோபமாக நான்கு கடிதம் எழுதினேன், ஆனால் விண்ணப்பத்தைத் திரும்பப் படித்தபோது கேள்வி தெளிவாகத்தான் இருந்தது. ஒரு வருஷத்துக்கென்று ஒதுக்கிய பணம் ஏழு வாரத்தில் காலி. அதற்குள் புயல் பருவம் வந்துவிட்டதால் படகை எடுக்க முடியவில்லை, ஏழு மாதத் துறை வாடகை, அடியில் ஒட்டிய பாசியும் சிப்பியும் சுரண்டிப் புது வண்ணம், செத்துப்போன இரண்டு பேட்டரி. பேத்தி பிறந்தபோது நான் பக்கத்தில் இல்லை. மனைவி கைக்குழந்தையையும் மகளையும் விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தாள். வந்து நின்று முதலில் கேட்டது, "மூணு வருஷமா அந்த நங்கூரத்துக்கு ஒண்ணுமே ஆகலையா?"

இப்போதும் படகில்தான் இருக்கிறோம். மாற்றியதில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். வரைபட மேஜையின் மூடிக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எங்கள் இருவர் உடம்புக்குள்ளும் போகிற எல்லாமும் அதில் இருக்கும், களிம்பு, சொட்டு மருந்து, ஒட்டு, சளி மாத்திரை உட்பட. கூடவே தொலைமருத்துவச் சேவைகளின் எண்கள், பெரிய எழுத்தில். ரோமில் இருக்கும் சிஐஆர்எம் 1935 முதல் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக ஆலோசனை தருகிறது. மருந்துப் பெட்டியில் 14ஆம் அளவு கதீட்டர் இரண்டு, மரத்துப்போகச் செய்யும் ஜெல், பை. குழாய் போடுவது எப்படி என்று நர்ஸிடம் நேரிலேயே கற்றுக்கொண்டோம், இரண்டு பேரும். நங்கூரத்துக்கு மின்சார வின்ச். 20 லிட்டர் கேன்களைக் கொடுத்துவிட்டுப் பத்து லிட்டர் கேன்கள் வாங்கினோம். பெரிய பாயின் கயிறுகள் காக்பிட்டுக்கு வந்துவிட்டன. இரண்டு இரவுக்கு மேல் ஆகும் பயணத்துக்குத் தனியாகக் கிளம்புவதில்லை. வருஷத்தில் படகைக் கரையேற்றும் மாதத்தில் நானும் போய்ச் சோதனை செய்துகொள்கிறேன், ஒரே மருத்துவரிடம். காப்பீட்டு விண்ணப்பத்தை மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறாள். அவளுக்கு என் மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

போன மாதம் பக்கத்துப் படகில் ஒருவர் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், தனியாள், நல்ல பாய்மரக்காரர். குனிந்து கயிற்றை அவிழ்க்கும்போது காதுக்குப் பின்னால் அந்த வட்டம் தெரிந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டேன்: "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?"

ஒரு மாதிரி பார்த்தார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டு, என் படகில் மனைவி இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, நாலு விரலைக் காட்டினார்.